கேபிள்ல ஒரு குத்தமும் இல்லீங்க

ஏனுங்க, மொதல்ல இப்படி நெழல்ல வந்து ஒக்காருங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. இந்தாங்க, தண்ணி குடிங்க. வெலையக் கொறைக்கோணும்னா கொறைச்சுக்கலாம், அதுல ஒண்ணுமில்ல. வண்டியே வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லீங்க. ஆனா கேபிள் பழுதுன்னு மட்டும் சொல்லாதீங்க. கேபிள் பழுதில்லீங்க. அது நான் என் கையால போட்ட கேபிளு.

எட்டு கியர்னு சொல்லி வரச்சொன்னீங்க, ஓட்டிப் பார்த்தா ஆறுதான் விழுதுங்கறீங்க. செரி. எண்ணிப் பார்த்திருக்கீங்க. எண்ணற ஆளை எனக்குப் புடிக்கும். என்ற மக ஒரு நாளும் எண்ணுனதில்ல. அவ சைக்கிளுங்க இது, தாரணி வண்டி. பம்ப் கம்பெனில தரம் பார்க்கற வேலை அவளுக்கு. அங்க ஒரு நூல் அளவு பெசகு இருந்தாலும் பம்பைத் தள்ளி வெச்சுருவாளாம். சொந்த வண்டியக் குனிஞ்சு பார்க்க மாட்டா. அதுக்குத்தான் அப்பன் இருக்கறானேன்னு ஒரு நெனப்பு.

இன்னைக்கு சனிக்கிழமைங்களா, அவ கம்பெனி பஸ்ஸு ரெண்டரைக்கு வந்துரும். அதுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். வண்டி கேட்டைத் தாண்டிப் போறத அவ பார்க்க வேண்டாம்னுதான் உங்கள இந்த நேரத்துக்கு வரச்சொன்னேன். மணி என்னுங்க இப்ப? ஒண்ணே முக்காலா? நேரம் கெடக்குது. கேபிள் விசயத்தை மட்டும் சொல்லிப்போடறேன், கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

நான் சென்னியப்பனுங்க. முப்பத்தி நாலு வருசம் லாரி ஷெட்டுல ஃபிட்டர். சிங்காநல்லூர்ல எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சென்னியப்பன் கை வெச்ச வண்டி வழில நின்னதில்ல. இத நான் சொல்லலீங்க, அவங்க சொல்லுவாங்க. கடைசி ஏழெட்டு வருசம் எனக்கு முக்காவாசி வேலை ஸ்பீடு கவர்னர் மாட்டறதுதான். பள்ளிக்கூட வேனு, டிப்பர் லாரி, எல்லாத்துக்கும். இத்தனை வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டி வெச்சுடறது. டிரைவருக்குத் தெரியாம மாட்டச் சொல்லுவாங்க சில மொதலாளிங்க. மாட்டி அனுப்புவேன். அந்த டிரைவர் ஒரு வாரம் கழிச்சு வந்து, அண்ணா, எஞ்சின் இழுக்க மாட்டேங்குது, வண்டிக்கு வயசாயிருச்சு போலன்னு பொலம்புவான். நான் சிரிச்சுக்குவேன். அவனுக்கு நல்லதுதான செஞ்சிருக்கறோம். அவனும் உசுரோட ஊடு போய்ச் சேர்றான்ல.

நான் கெட்டவனில்லீங்க. அத மொதல்ல சொல்லிப்போடறேன்.

வண்டிய மூணு வருசத்துக்கு முன்னால அவ சம்பளத்துல அவளே வாங்குனா. அப்ப அவளுக்கு இருபத்தி நாலு. ஸ்கூட்டர் வாங்கறேன்னு சொல்லிட்டுப் போனவ இத உருட்டிட்டு வந்து நிக்கறா. ஆட்டுக்கொம்பாட்ட வளைஞ்ச ஹேண்டில்பாரு, வெரல் தண்டிச் சக்கரம். எங்கூட்டுக்காரி ரங்கநாயகி ஒரு வாரம் பேசல. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. பத்து நாள்ல விட்டுப்போடுவான்னு நெனச்சேன்.

விடலீங்க. வெடியால நாலரைக்கு எந்திரிச்சுருவா. நாலு முப்பத்தஞ்சுக்கு இந்தக் கேட்டு சத்தம் கேக்கும். அப்புறம் ஒரு கூட்டம் சேர்ந்துக்கும் அவளுக்கு, பத்துப் பன்னெண்டு பேரு, ஆணு பொண்ணுன்னு. பைபாஸ்ல போவாங்க. பைபாஸ்லங்க. நான் முப்பத்தி நாலு வருசம் வேலை செஞ்ச லாரிக எல்லாம் ஓடற பைபாஸ்ல. எந்த லாரிக்கு பிரேக் எப்படிப் புடிக்கும்னு எனக்குத் தெரியுமுங்க, அவங்களுக்குத் தெரியாது. அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் இந்தக் கேட்டுக்கிட்டயே நிப்பேன். காப்பி ஆறிப்போகும். ரங்கநாயகி உள்ள இருந்துட்டே, வந்துட்டாளான்னு கேப்பா. இல்லைன்னு சொல்லுவேன். திரும்பக் கேப்பா. இப்படியே மூணு வருசம்.

வந்ததும் வண்டிய என்கிட்டக் குடுத்துட்டுக் குளிக்கப் போயிருவா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கழுவித் தொடைச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, காத்து அடிச்சு வெப்பேன். அவ கூட்டத்துல எல்லாரும் வண்டிய கடைல விட்டு மாசாமாசம் பார்ப்பாங்களாம். எங்கப்பா இருக்கறப்ப எனக்கெதுக்குக் கடைன்னு சொல்லுவாளாம். அந்தக் கூட்டத்துக்கு கோச்சு ஒரு அம்மா, அவங்களே ஒருக்கா என்கிட்டச் சொன்னாங்க. உங்க பொண்ணு வண்டியாட்ட எங்க கூட்டத்துல ஒரு வண்டி இல்லீங்கன்னு.

போன பங்குனிலதான் கேபிள் போச்சு. இந்தக் கைப்புடிக்குள்ள பாருங்க, இந்த ரப்பரை உரிச்சுக் காட்டறேன். இங்கதான் கேபிளோட தலை ஒக்காரும். இங்க அது வளையற எடத்துல ஒவ்வொரு நரம்பா அறுந்துட்டே வரும், வெளிய தெரியாது. ஒரு மாசமா கியர் சரியா விழ மாட்டேங்குது, ஒண்ணுக்குப் போட்டா இன்னொண்ணுக்குப் போகுதுன்னு சொல்லிட்டு இருந்தா. உரிச்சுப் பார்த்தா பிரஷ்ஷாட்ட பிரிஞ்சு நிக்குது. எடுக்கறப்பவே வெரல்ல ஏறிருச்சு.

கடைக்குக் கொண்டு போகட்டுமாப்பான்னு கேட்டா. எனக்கு அது ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. லாரி எஞ்சினை எறக்கி ஏத்துன கை, இந்த நூலாட்ட கேபிளுக்குக் கடைக்குப் போறதா. நானே போடறேன் அம்மிணின்னுட்டேன்.

போன்ல வீடியோ போட்டு மூணு நாள் பார்த்தேன். புதுசா இன்னர் கேபிளு, அவுட்டர்னு சொல்ற மேல் உறை, எல்லாம் நல்லதா வாங்குனேன். ஏனுங்க, கடைக்காரன் அவுட்டரைக் கட்டர்ல வெட்டி அப்படியே மாட்டிடுவான். நான் அப்படிச் செய்யலீங்க. வெட்டுன முனைய அரம் போட்டு மட்டம் பண்ணுனேன். உள்ள நசுங்கியிருக்கும்ல, அந்தத் தொளைய ஊசி விட்டு விரிச்சேன். ஹேண்டில்பார் டேப்பை மொத்தமா உரிச்சுப் புதுசு சுத்துனேன். எங்கயும் ஒரு முறுக்கல் இல்ல, ஒரு ஒரசல் இல்ல. நீங்க ஓட்டுனீங்கல்ல, சொல்லுங்க. அந்த ஆறும் எப்படி விழுந்துச்சு? வெண்ணெயாட்ட விழுந்துச்சுங்களா? அதச் சொல்லுங்க.

விழுந்துச்சுல்ல. அதுதானுங்க.

செரி, மிச்ச ரெண்டு எங்கங்கறீங்க. வர்றேன், வர்றேன்.

கேபிள் மாத்தறதுக்கு நாலு நாள் முன்னால நான் பழைய ஷெட்டுப் பக்கம் போயிருந்தேனுங்க, சும்மா பேசிட்டு வரலாம்னு. ஒரு லாரி நின்னுட்டு இருந்துச்சு. முன்னால பம்பருக்கு அடில என்னமோ மாட்டியிருக்குது, எடுக்க வரலைன்னு புதுசா வந்த ஃபிட்டர் படுத்துட்டு இழுத்துட்டு இருக்கறான். நான் சும்மா இருக்காம குனிஞ்சு பார்த்தேன். ஹேண்டில்பாருங்க. இதே மாதிரி வளைஞ்சது. ரோஸ் கலர்ல டேப்பு. யாரோடது, ஆளு என்ன ஆச்சுன்னு நான் கேக்கலீங்க. கேக்கறதுக்கு எனக்குத் தைரியமில்ல. ஊட்டுக்கு வந்து வாசல்ல இந்த வண்டியப் பார்த்துட்டுத்தான் உள்ளயே போனேன். ரங்கநாயகிகிட்டச் சொல்லல. தாரணிகிட்டயும் சொல்லல. சொன்னா, நான் பார்த்துத்தாம்ப்பா போறேன்னு சொல்லுவா. பார்த்துப் போறவங்களத்தான நான் முப்பத்தி நாலு வருசமாப் பார்த்திருக்கறேன்.

அந்த ஞாபகத்தோடதான் நாலாம் நாள் கேபிள் போட ஒக்காந்தேன். எல்லாம் முடிஞ்சு கடைசி வேலை இதுதானுங்க. கைப்புடில இருக்கற கியர் லிவரைத் தட்டித் தட்டிக் கேபிளை முழுசாத் தளர விடோணும். தளர்ந்ததும் பின்னால இருக்கற இந்தக் கை, செயினை நகர்த்தற கை, அதுவா வெளிய வந்து கடைசி சின்னப் பல்சக்கரத்துக்கு நேரா நிக்கும். அதுதான் எட்டாவது, அதுலதான் வேகம். அப்படி நிக்கறப்பக் கேபிளை இழுத்துப் புடிச்சு இந்தத் திருகாணிய முறுக்கோணும். அவ்வளவுதான் வேலை.

நான் அந்தக் கையக் கொஞ்சம் உள்ள தள்ளிப் புடிச்சுக்கிட்டேனுங்க. ரெண்டே பல்சக்கரம். எட்டாவதுக்கு நேரா இல்லாம ஆறாவதுக்கு நேரா. புடிச்சுக்கிட்டுக் கேபிளை இழுத்து முறுக்கிப்போட்டேன். முடிஞ்சு போச்சு. இனி எத்தனை தட்டுத் தட்டுனாலும் ஆறுக்கு மேல விழாது. கைக்கு வித்தியாசமும் தெரியாதுங்க. லிவர் முழுசா வந்துரும், இவ்வளவுதான் போலன்னு இருக்கும். பழைய கேபிள் ஒரு மாசமாவே தாறுமாறா இருந்ததால முன்ன எப்படி இருந்துச்சுன்னு அவளுக்கும் நெனப்பில்ல. அதையும் நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்.

மேடு ஏறலாம், சமத்துல போகலாம், எல்லாம் பண்ணலாம். கண்ணுமண்ணு தெரியாம எறக்கத்துல பறக்க முடியாது. அவ்வளவுதானுங்க நான் செஞ்சது. கேபிளைக் கட்டையாக் கட்டினேன். பழுதாப் போடல.

அடுத்த நாள் ஓட்டிட்டு வந்து என்ன சொன்னாங்கறீங்க? கேட்டைத் தெறக்கறப்பவே, அப்பா, கியர் சத்தமே இல்லப்பா, எங்க கோச்சு அவங்க வண்டியவும் உங்ககிட்டக் குடுக்கறேங்கறாங்கன்னு சொன்னா. எனக்கு எப்படி இருந்துருக்கும். சந்தோசமாத்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரு பக்கம் குறுகுறுன்னும் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

இந்தப் போட்டி ஒண்ணு வராம இருந்திருந்தா எந்த வம்பும் இல்லீங்க.

மாவட்டத்துக்குப் பொண்ணுக டீம் எடுக்கறாங்கன்னு ஆனில சொன்னாங்க. நாலு பேரு. நாப்பது கிலோமீட்டர் ஓட்டோணும், ஒவ்வொருத்தரா தனித்தனியா விடுவாங்க, நேரம் குறிச்சு மொத நாலு பேரை எடுத்துக்குவாங்க. எடுத்தா மாநிலப் போட்டிக்குப் போகலாம். அதுக்கு அவ பட்ட பாடு இருக்குதே. இனிப்பு தொடல. ஒறம்பறை ஊட்டுக் கல்யாணத்துக்கு வரல. சின்ன வயசுல இருந்து எதுலயும் நான் மொதல்ல வந்ததில்லப்பா, இதுல எனக்கு ஒரு எடம் கெடைக்கும் போல இருக்குதுன்னு ஒரு நாள் சொன்னா. இந்தப் படிலதான் ஒக்காந்து சொன்னா. நான் செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தேன். நல்லா செய்யி கண்ணுன்னு சொன்னேன்.

அப்ப அவுத்துக் கட்டியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அஞ்சு நிமிச வேலைதான். நெனச்சேனுங்க. திருகாணி முறுக்கற அலன் கீயக்கூட எடுத்தேன். ஆனா அவுத்துக் கட்டுனா அடுத்த நாளே அவளுக்குத் தெரிஞ்சு போயிரும்ல? திடீர்னு ரெண்டு கியர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாளா? அப்பறம் இந்தக் கூட்டம், கோச்சு, எல்லார் முன்னாலயும் சென்னியப்பன் போட்ட கேபிள் பெசகுன்னு ஆயிரும். செரி, ரெண்டு கியர்ல என்ன பெருசா வந்துரப் போகுதுன்னு விட்டுட்டேன்.

போட்டி நடந்தது ஆடிலங்க. பாலக்காட்டு ரோட்டுல. உங்களுக்குத் தெரியும், ஆடில அந்தக் கணவாய்ல காத்து எப்படி வரும்னு. போறப்ப நெஞ்சுல அடிக்கும், திரும்பறப்ப முதுகுல தள்ளும். நான் மொபெட்டை எடுத்துட்டுப் போயி முடியற எடத்துல நின்னுட்டேன். திரும்பற எடத்துல இருந்து போன்ல நேரம் சொல்லிட்டே இருக்கறாங்க. கோச்சு அம்மா என்கிட்ட வந்து, தாரணி ரெண்டாவது நேரத்துல இருக்கறாங்க, இதே மாதிரி வந்தா எடம் உறுதின்னாங்க. காத்துக்கு எதிர்ல ரெண்டாவதுங்க. பதினாலு பொண்ணுகள்ல. அதோட கூடவே இன்னொண்ணும் தெரிஞ்சு போச்சு. இனிமே காத்து பின்னால இருந்து தள்ளும். இனிமேதான் அந்த ரெண்டு கியர் வேணும்.

மத்த புள்ளைக எல்லாம் திரும்பி வர்றாங்க பாருங்க, கால் மெதுவாத்தான் சுத்துது, வண்டி சும்மா சீறிட்டு வருது. அப்பறம் என்ற மக வர்றா. தூரத்துலயே தெரிஞ்சுது. கால் மட்டும் தையல் மிஷினாட்ட அடிச்சுக்குது, வண்டி வர மாட்டேங்குது. லிவரைத் தட்டறா, தட்டறா. அந்தக் கை போறது எனக்கு இங்கிருந்தே தெரியுது. கியர் இல்ல. எங்கிருந்து வரும்.

அஞ்சாவது. நாலாவது வந்த புள்ளைக்கும் இவளுக்கும் நாப்பத்தியோரு செகண்டு.

அழுவான்னு நெனச்சேன், அழலீங்க. தண்ணி பாட்டிலைத் தலைல ஊத்திக்கிட்டு எனக்குப் பக்கத்துல வந்து நின்னா. அப்பறம் கேட்டா. அப்பா, திரும்பறப்ப கால் சும்மா சுத்துது, வண்டி போகவே இல்ல. கேபிள்ல ஏதாச்சும் குத்தம் இருக்குமாப்பா?

கோச்சு அம்மா நிக்கறாங்க, இன்னும் நாலு பேரு நிக்கறாங்க. எல்லாரும் என்ற மூஞ்சியப் பார்க்கறாங்க. முப்பத்தி நாலு வருசத்துல நான் செஞ்ச வேலையில குத்தமான்னு ஒருத்தன் கேட்டதில்ல. கேபிள்ல ஒரு குத்தமும் இல்ல அம்மிணின்னு சொன்னேன். அது பொய்யில்லையே. கேபிள்ல என்ன குத்தம்? நீங்களே ஓட்டிப் பார்த்தீங்க.

அவ கேபிளைப் பார்க்கல. குனிஞ்சு அவ காலைப் பார்த்தா. அப்ப கால்தான்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்பறம் ரத்த டெஸ்ட் எடுத்தா. இரும்புச் சத்து பத்தலையோன்னு அவளுக்குச் சந்தேகம். எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதை நம்பாம டானிக்கு வாங்கிக் குடிச்சா. ரெண்டு வாரம் ரூமுக்குள்ள ஒக்காந்து ஒக்காந்து எந்திரிச்சா, காலுக்குப் பலம் வரோணும்னு. கதவு சாத்தியிருந்தாலும் அவ மூச்சு வாங்கற சத்தம் கேக்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவேன். மூணாவது வாரம் நின்னு போச்சு. நாலரைக்கு எந்திரிக்கறதும் நின்னு போச்சு. என்னால ஆகாததுக்கு எதுக்குப்பா மெனக்கெடறதுன்னு ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா. வித்துருங்கன்னா.

நான் வேண்டாம்னு சொல்லல. ஒருக்காகூடச் சொல்லல.

இப்ப கம்பெனி பஸ்ஸுல போறா, கம்பெனி பஸ்ஸுல வர்றா. ரங்கநாயகி என்கிட்ட, புள்ள நடக்கறதே மாறிப்போச்சு பார்த்தீங்களாங்கறா. மாடிப்படி ஏறறப்பக் கைப்புடியப் புடிச்சுட்டு ஏறறாளாம். அந்தக் கோச்சு அம்மா ரெண்டு தடவை ஊட்டுக்கு வந்தாங்க. அவங்ககிட்டயும், இல்லீங்க மேடம், எனக்குக் கால் பத்தாதுன்னு சிரிச்சுட்டே சொல்லி அனுப்பிட்டா. ஆனா உசுரோட இருக்கறா. பைபாஸ் பக்கம் போறதில்ல. எனக்கு அது போதுமுங்க. நிம்மதியா இருக்கறேன்.

நிம்மதிதான். ஆனா வெடியால நாலு முப்பத்தஞ்சுக்கு முழிப்பு வந்துருது. கேட்டு சத்தம் கேக்குதான்னு படுத்துட்டே இருப்பேன். கேக்காது. அப்பறம் தூக்கம் வர்றதில்ல. வயசாச்சுல்ல.

உங்ககிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, நீங்க கேபிள் பழுதுன்னுட்டீங்க. அந்த வார்த்தை எனக்கு ஆகாது. இத ரங்கநாயகிகிட்டக்கூட நான் சொன்னதில்லீங்க.

ஆமா, யாருக்குன்னு கேக்கவே இல்ல பாருங்க. உங்களுக்கா? மகளுக்கா? காலேஜ் போற புள்ளையா? சோமனூர்ல இருந்து அவிநாசி ரோட்டு வழியா ஓட்டுவாளா? அட, அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அந்த ரெண்டு கியரை இப்படியே விட்டுருங்க. புள்ளைக்குச் சொல்ல வேண்டாம். ஆறு போதும். நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? என்ன அப்படிப் பார்க்கறீங்க? நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே. பெத்தவங்க நாமதான யோசிக்கோணும்.

என்னது? வண்டிய எடுத்துட்டுப் போயி கடைல குடுத்துக் கேபிளைப் புதுசாப் போட்டுக்கறீங்களா? நல்லாயிருக்குதுங்க. நான் அரம் போட்டு மட்டம் பண்ணுன அவுட்டரை அவன் வெட்டிக் குப்பைல போட்டுட்டு, மொண்ணை கட்டர்ல வெட்டுனதை மாட்டி விடுவான். அதுக்கு நான் விட மாட்டேன். ஒக்காருங்க. கேபிள்ல குத்தமில்லைன்னு இப்பவே உங்களுக்குக் காட்டிப்போடறேன். எட்டும் விழும் பாருங்க. அப்பறம் ஆறா வெச்சுக்கறதோ எட்டா வெச்சுக்கறதோ உங்க இஷ்டம்.

மேல தொங்கற இந்தக் கயித்துல சீட்டைத் தூக்கி மாட்டுங்க. அப்படித்தான். பின்னால சக்கரம் தரைல படக்கூடாது. இந்தா, இதுதான் அலன் கீ. பாருங்க, ஒரு சுத்து, ஒண்ணரைச் சுத்து, கேபிள் தளர்ந்துருச்சா? கை தானா வெளிய வருது பாருங்க, நான் தொடல. அதுவா போய் அது எடத்துல நிக்குது. இப்ப இழுத்து முறுக்கறேன். முடிஞ்சுது. அஞ்சு நிமிசம்னேன், ரெண்டு நிமிசம்கூட ஆகல.

நீங்க பெடலைக் கைல சுத்துங்க. நான் லிவரைத் தட்டறேன். எண்ணுங்க. நீங்கதான் எண்ணற ஆளாச்சே. பெரிய பல்சக்கரத்துல இருந்து வர்றேன். ஒண்ணு. ரெண்டு. கேக்குதா, ஒரு ஒரசல் இருக்குதா? மூணு. நாலு. அஞ்சு. ஆறு. இங்கதான் நின்னுச்சு இத்தனை நாளும். இப்பப் பாருங்க. ஏழு. எட்டு.

எட்டு, பார்த்தீங்களா? தாரணி வண்டி அன்னைக்கு இப்படி இருந்திருந்தா ரெண்டாவதா வந்திருப்பா, சந்தேகமே இல்ல. நான் போட்ட கேபிள்ல குத்தம் சொல்ல எவனாலயும்…

ஏன் நிறுத்திட்டீங்க? சுத்துங்க. எங்க பார்க்கறீங்க?

அம்மிணி.

எப்ப வந்தே கண்ணு? பஸ்ஸு அதுக்குள்ள வந்துருச்சா? மணி என்ன ஆச்சுன்னே பார்க்கல, பேசிட்டே இருந்ததுல. இவங்க சோமனூரு, வண்டி பார்க்க வந்திருக்கறாங்க. நீதான விக்கச் சொன்னே. பையைக் குடு, உள்ள வெக்கறேன். சாப்பிட்டியா?

ஆமா, எட்டுதான். எட்டுன்னு நான்தான் எண்ணுனேன். எப்பவும் எட்டுதான சாமி, உனக்குத் தெரியாதா.

ஏனுங்க, பெடலை அவகிட்டக் குடுங்க. அவளே சுத்திப் பார்க்கட்டும்.

பார்த்தியா. விழுதுல்ல. திரும்ப ஒருக்கா ஏத்தி எறக்கிப் பாரு. விழுகும். அம்மிணி, அப்பனைக் கொஞ்சம் பாரு. செயினையே பார்த்துட்டு இருந்தா எப்படி. நான் உனக்குச் சொல்லோணும்னுதான் இருந்தேன். ஒரு ஹேண்டில்பாரு, ரோஸ் கலர்ல டேப்பு சுத்தி… அத நீ பார்த்திருந்தா நீயும் இப்படித்தான் செஞ்சிருப்பே.

என்ன பண்றே? கயித்தை எதுக்கு அவுக்கறே? இந்த வெயில்லயா? செருப்புக்காலோடயா? சாப்பிட்டுட்டுப் போ. அம்மிணி, ஹெல்மெட்டு உள்ளதான் இருக்குது, எடுத்துட்டு வர்றேன், ஒரு நிமிசம் நில்லு. தாரணி. ஹெல்மெட்டாச்சும் போட்டுக்கோ.

ஏனுங்க, எந்தப் பக்கம் திரும்புனா? பைபாஸ் பக்கமா?

இல்லீங்க, வண்டி இனி விக்கறதா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும். அவளைத்தான் கேக்கோணும். சித்த இருங்க, வந்துருவா. சித்த பேசாம இருங்க, கியர் விழற சத்தம் கேக்குதான்னு பார்க்கறேன்.

கேக்கலீங்க. அவ்வளவு சுத்தமாப் போட்டு வெச்சிருக்கறேன் கேபிளை. எவ்வளவு தூரம் போயிட்டான்னே தெரிய மாட்டேங்குது.